படத்தின் முதுகையும் பாருங்கள்: கடற்கரை ஊர்களின் மலர்க் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி, தேவிபட்டினம், தொண்டி ஊர்களில் ஆண்டு மலரும் நினைவுப் பதாகையும் வெளியிடும் சங்கத்தார், பள்ளி நிர்வாகிகள், ஜமாஅத்தார், பங்குப் பேரவையினர் அனைவருக்கும்,

வணக்கம்.

டிசம்பர் பிறந்தால் தீவில் ஃபிளெக்ஸ் கடைகளுக்கு வேலை கூடிவிடும். 22, 23 தேதிகளை ஒட்டி, 1964 புயலில் போனவர்களுக்கு அஞ்சலி செலுத்தும் பதாகைகள் ஏறும். அவற்றில் பெரும்பாலும் ஒரே பத்துப் பன்னிரண்டு படங்கள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. “புயலுக்கு முன் தனுஷ்கோடி” என்று அடியில் எழுதியிருக்கும். அவற்றில் சில தனுஷ்கோடி. சில அக்கரையில், இலங்கையில் இருக்கும் தலைமன்னார். சில எந்தக் கரை என்றே சொல்ல முடியாதவை. நினைவைப் போற்ற வேண்டும் என்ற உங்கள் எண்ணத்தில் குறை காண நாங்கள் எழுதவில்லை. உங்கள் கைக்கு வரும் ஒவ்வொரு பழைய படமும் எங்கிருந்து, யார் கை வழியாக வந்தது என்ற தடத்தை அச்சுக்குப் போகும் முன்பே பிடித்துவைக்கக் கேட்டுத்தான் எழுதுகிறோம். அச்சான பிறகு அந்தத் தடம் கிடைக்காது. அடுத்த ஆண்டு இன்னொரு குழு உங்கள் மலரிலிருந்தே படத்தை வெட்டி எடுக்கும். அப்போது உங்கள் மலர்தான் “ஆதாரம்” ஆகிவிடும்.

முதல் வேலை, படத்தைத் திருப்பிப் பார்ப்பது. முன்பக்கத்தை மட்டும் கைப்பேசியில் எடுத்துக்கொண்டு படத்தை வீட்டுக்காரரிடம் திருப்பிக் கொடுப்பதுதான் வழக்கமாக நடக்கிறது. ஆனால் ஆண்டைச் சொல்லக்கூடியது பெரும்பாலும் பின்பக்கம். ஸ்டூடியோ முத்திரையில் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால், அது 1972 ஆகஸ்ட் 15க்கு முன் அடித்த முத்திரை அல்ல. அன்றுதான் அந்த எண் முறையே வந்தது. ராமேஸ்வரத்துக்கு 623526, ராமநாதபுரத்துக்கு 623501. முகவரியில் ‘சென்னை மாகாணம்’, ‘மெட்ராஸ் ஸ்டேட்’, ‘தமிழ்நாடு’ என எது இருக்கிறது என்று பாருங்கள். 1969 ஜனவரி 14இல்தான் மாநிலத்தின் பெயர் முறைப்படி மாறியது. ‘சிலோன்’ 1972 மே 22இல் ‘ஸ்ரீலங்கா’ ஆனது. தாளின் முதுகில் ‘இந்து’ என்ற வணிகப் பெயர் அச்சாகியிருந்தால், ஊட்டியில் இருந்த இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் தயாரிப்பு அது. 1960களின் பிற்பகுதிக்கு முன்னால் போகாது. “1950இல் எடுத்தது” என்று தாத்தா சொன்ன படத்தின் முதுகில் ‘இந்து’ இருந்தால் தாத்தா பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பழைய நெகடிவிலிருந்து பின்னாளில் போட்ட பிரதியாக இருக்கலாம். எடுத்த ஆண்டும் பிரதி போட்ட ஆண்டும் வேறு வேறு. மலர்களில் வரும் தவறுகளில் பாதி இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால் வருபவை.

அஞ்சலட்டைப் படம் என்றால் பின்பக்கத்தில் நடுக்கோடு இருக்கிறதா என்று பாருங்கள். 1900களின் தொடக்க ஆண்டுகள் வரை பின்பக்கம் முழுவதும் முகவரிக்குத்தான். செய்தியைப் படம் உள்ள பக்கத்து ஓரத்தில் நெருக்கி எழுதுவார்கள். கோடு போட்டு, இடது பாதியில் செய்தி, வலது பாதியில் முகவரி என்பது அதற்குப் பின் வந்த ஏற்பாடு. அஞ்சல் முத்திரையில் தேதி தெரிந்தால் படம் அந்தத் தேதிக்குப் பின் எடுத்தது அல்ல என்பது உறுதி. எவ்வளவு முன் எடுத்தது என்பதை முத்திரை சொல்லாது. கடையில் பத்து வருடம் கிடந்த அட்டையையும் வாங்கி அனுப்பியிருக்கிறார்கள்.

சட்டம் போட்ட படங்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். கண்ணாடியில் சந்தனமும் குங்குமமும் வைத்து, மாலை போட்டு, சுவரில் பல ஆண்டுகள் தொங்கியவை அவை. கழற்றும்போது தூய பருத்தித் துணி விரித்து, கண்ணாடி கீழே இருக்கும்படி கவிழ்த்து வையுங்கள். பின்னால் உள்ள பொடி ஆணிகளை மூக்குக் குறட்டால் ஒவ்வொன்றாக நேராக இழுங்கள். நெம்பினால் துருப்பிடித்த ஆணி உடைந்து அட்டை கிழியும். பின் அட்டையைத் தூக்கியவுடன் குப்பையில் போட்டுவிடாதீர்கள். ஃபிரேம் கடைக்காரர்கள் இடைவெளியை நிரப்பக் கையில் கிடைத்ததைச் செருகுவார்கள்: பழைய நாளிதழ்த் தாள், சிவகாசியில் அச்சான தினசரிக் காலண்டரின் அட்டை, திருமணப் பத்திரிகை. அந்தத் தாளில் உள்ள தேதிக்கு முன் இந்தச் சட்டம் போடப்படவில்லை என்பது கிடைத்துவிட்டது. கடைக்காரர் ஒட்டிய சிறு சீட்டில் தெருப் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்கும். மூன்று இலக்க எண்ணா, ஐந்து இலக்கமா, ஆறா என்பதே ஒரு காலக் கணக்கு. ஊரில் பழைய தொலைபேசிக் கையேடு யாரிடமாவது இருந்தால் ஒப்பிடலாம். செருகியிருந்த தாள், சீட்டு, அட்டை எல்லாவற்றையும் படத்தோடு ஒரே உறையில் வையுங்கள்.

படம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தால் உரிக்கவே கூடாது. நம் கரையில் காற்றின் ஈரப்பதம் ஆண்டின் பெரும்பகுதி எழுபது சதவீதத்துக்கு மேல். படத்தின் மேற்பூச்சான ஜெலட்டின் ஈரத்தை உறிஞ்சி இளகி, கண்ணாடியைப் பற்றிக்கொள்ளும். இழுத்தால் தாள் மட்டும் கையில் வரும், முகம் கண்ணாடியில் தங்கும். கண்ணாடியோடு சேர்த்தே எடுங்கள்: அறையை இருட்டாக்கி, இரண்டு விளக்குகளை இருபுறமும் 45 பாகை சாய்வில் வைத்து, கேமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணி பிடித்தால் பிரதிபலிப்பு வராது.

அடுத்தது தாள். பத்து மடங்கு பெரிதாக்கும் ஒரு லென்ஸ் போதும், கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவரிடம் இருக்கும். அதை வைத்துப் பார்த்தால் படம் சீரான புள்ளிகளால் ஆனதாகத் தெரிகிறதா? தெரிந்தால் அது புகைப்படமே அல்ல, எங்கோ புத்தகத்திலோ பத்திரிகையிலோ அச்சானதன் வெட்டு. “எங்கள் வீட்டு ஒரிஜினல்” என்று வருபவற்றில் இப்படி நிறைய உண்டு. அது கெட்ட செய்தி இல்லை. எந்த நூலில் அச்சானது என்று தேட ஒரு வழி திறக்கிறது. புள்ளி இல்லாமல், மெல்லிய தாளை தடித்த அட்டையில் ஒட்டி, வெளுத்த இடங்கள் மஞ்சள் பாரித்து, நுண்ணிய வெடிப்புகளோடு இருந்தால் ஆல்புமென் பிரதியாக, அதாவது முட்டை வெண்கரு பூசிய தாளில் போட்டதாக, இருக்கலாம். 1850களில் தொடங்கி 1890கள் வரை ஓங்கியிருந்த முறை அது. அட்டையின் அளவை ஸ்கேல் வைத்து எடுங்கள். ஏறத்தாழ 64க்கு 102 மில்லிமீட்டர் என்றால் விசிட்டிங் கார்டு வகை. 108க்கு 165 என்றால் கேபினட் சைஸ். ஓரங்களிலும் கறுத்த இடங்களிலும் நீலம் கலந்த வெள்ளிப் பளபளப்பு சாய்த்துப் பார்த்தால் தெரியும் படம், ஜெலட்டின் வெள்ளிப் பிரதி. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி இதுதான். முதுகு பிளாஸ்டிக் போல வழுவழுப்பாக, கிழித்தால் கிழியாத தன்மையோடு இருந்தால் 1970களுக்குப் பின் வந்த தாள்.

365 நானோமீட்டர் புற ஊதா டார்ச் ஒன்று வாங்கிவைப்பது நல்லது. கள்ள நோட்டுப் பார்க்கும் டார்ச்சிலும் ஓரளவு வேலை நடக்கும். இருட்டில் படத்தின் முதுகில் அடித்தால், 1950களிலிருந்து தாளில் சேர்க்கப்பட்ட வெண்மையூட்டி நீலவெள்ளையாக ஒளிரும். ஒளிர்ந்தால் அந்தத் தாள் அதற்கு முந்தையது அல்ல. ஒளிராவிட்டால் ஒன்றும் நிரூபணமாகாது, எல்லாத் தயாரிப்பாளரும் ஒரே நாளில் மாறவில்லை. இன்னொரு பொறியும் உண்டு: சலவைத்தூளில் துவைத்த துணியால் யாராவது துடைத்திருந்தால் அங்கங்கே திட்டாக ஒளிரும். முதுகு முழுக்க ஒரே சீராக ஒளிர்கிறதா என்று பாருங்கள்.

இனி படத்துக்குள்ளே போகலாம். நம் கரைக்கு இங்கேதான் சரக்கு அதிகம்.

துறைமுகமும் கப்பலும் ரயில் பெட்டியும் ஒன்றாக நிற்கும் படம் என்றால் உடனே தனுஷ்கோடி என்று எழுதிவிடுகிறோம். 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து கப்பல், தலைமன்னாரில் இறங்கி மீண்டும் ரயில் என்பதுதான் போட் மெயில் வழி. இரு கரையிலும் ரயில் கப்பலருகே வந்து நிற்கும். இரு கரையிலும் மணல், பனை, சுமை தூக்குவோர். ஆனால் தண்டவாளம் வேறு. நம் பக்கம் அப்போது மீட்டர் கேஜ், 1000 மில்லிமீட்டர். இலங்கைப் பக்கம் அகலப்பாதை, 1676 மில்லிமீட்டர். பெட்டி நேராகவோ சற்றே சாய்ந்தோ தெரியும் படமென்றால், தண்டவாள இடைவெளியையும் பெட்டியின் அகலத்தையும் அளந்து வகுத்துப் பாருங்கள். மீட்டர் கேஜில் பெட்டி இருபுறமும் நன்றாகத் துருத்தி நிற்கும், அகலம் தண்டவாள இடைவெளியைப் போல இரண்டரை மடங்கு அளவுக்கு வரும். அகலப்பாதையில் அது இரண்டு மடங்கைத் தொடாது. இரண்டையும் படத்தில் ஒரே தூரத்தில் அளக்க வேண்டும்: பெட்டியின் முகப்பு எந்த இடத்தில் நிற்கிறதோ அந்த இடத்துத் தண்டவாளத்தைத்தான் எடுக்க வேண்டும். கேமராவுக்குப் பக்கத்தில் உள்ள தண்டவாளத்தை அளந்தால் கணக்கு தலைகீழாகும். பெட்டியே தெரியாமல் வெறும் தண்டவாளம் மட்டும் என்றால், குறுக்கே நடக்கும் ஆளை வைத்து உத்தேசிக்கலாம். ஆனால் அதை உறுதி என்று எழுதாதீர்கள்.

கப்பலின் பெயர் முகப்பில் வாசிக்க முடிந்தால் அதுவும் கைகொடுக்கும். தொடக்கத்தில் ஓடியவை கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச். பின்னால் வந்தவை இர்வின், கோஷன். இர்வின் 1926இல்தான் வைஸ்ராய் ஆனார். ஆகவே அந்தப் பெயர் தாங்கிய கப்பல் உள்ள படம் அதற்கு முன் போகாது. 1964க்குப் பின் கப்பல் ராமேஸ்வரத்திலிருந்தே புறப்பட்டது என்பதையும் நினைவில் வையுங்கள். ராமேஸ்வரம் துறையில் எடுத்த 1970களின் கப்பல் படத்தைத் ‘தனுஷ்கோடி’ என்று போட்ட பதாகைகள் உண்டு.

பாம்பன் பாலத்தைக் காலக்கோலாகவே வைத்துக்கொள்ளலாம். 1914 பிப்ரவரி 24இல் ரயில் பாலம் திறந்தது; அதற்கு முன் எடுத்த படத்தில் கட்டுமானம் மட்டுமே இருக்க முடியும். பக்கத்தில் சாலைப் பாலம் முழுமையாகத் தெரிந்தால் 1980களின் பிற்பகுதி அல்லது அதற்குப் பின். அது போக்குவரத்துக்குத் திறந்தது 1988 அக்டோபர் 2. மீட்டர் கேஜ் அகலப்பாதையானது 2007. செங்குத்தாக மேலெழும் தூக்குப் பாலம் தெரிந்தால் அது புதிய பாலம், 2025 ஏப்ரல் 6இல் திறந்தது. ஒரே ஒரு சிக்கல்: 1964க்கு முன்னா பின்னா என்பதை கர்டர்களை, அதாவது பாலத்தின் இரும்பு உத்தரங்களை, வைத்துச் சொல்ல முடியாது. புயலில் பெரும்பாலான கர்டர்கள் கடலில் விழுந்தன, நடுவில் உள்ள தூக்குப் பகுதி தப்பியது. ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரன் பொறுப்பில் 46 நாளில் பாலத்தை மீட்டபோது கடலடியில் கிடந்தவற்றையே தூக்கி மறுபடி பொருத்தினார்கள். உருவம் ஒன்றுதான்.

1897 ஜனவரி 26இல் சுவாமி விவேகானந்தர் பாம்பனில் கரையிறங்கினார். அவருக்குப் பின்னால் ரயில் பாலம் தெரியும் ‘அரிய படம்’ உங்களிடம் வந்தால் அது ஒட்டுவேலை. அவர் மறைந்தது 1902. பாலம் திறக்க இன்னும் பன்னிரண்டு ஆண்டு பாக்கி.

எழுத்து உள்ள பலகை படத்தில் இருந்தால் விட்டுவிடாதீர்கள். ணை, லை, னை, றா போன்றவற்றின் இன்றைய வடிவத்தை அரசு 1978இல் ஏற்றது. புதிய வடிவம் அரசுப் பலகையில் இருந்தால் அது 1978க்குப் பின். கட்சிச் சுவரொட்டியில் இருந்தால் அப்படிச் சொல்ல முடியாது. பெரியார் 1935 முதலே தம் இதழில் அதைப் பயன்படுத்தினார். கொம்பு சுழித்த பழைய லையோ ணையோ இருந்தால் அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. கையால் எழுதும் பெயிண்டர்கள் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் அப்படியே எழுதினார்கள்.

படகும் கரையும் பேசும். ஃபைபர் படகோ வெளிப்பொருத்து மோட்டாரோ தெரிந்தால் 1980களுக்கு முன் போக வேண்டாம். பின்னணியில் சீமைக் கருவேலம் சுவர் போல அடர்ந்திருந்தால் இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதி என்று எழுதும் முன் நன்றாக யோசியுங்கள். தென்கடல் (மன்னார் வளைகுடா) அலையா, வடகடல் (பாக் நீரிணை) அமைதியா என்பதை மீனவர்கள் படத்தைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்கள். ஆனால் பருவத்தையும் சேர்த்துக் கேளுங்கள்: கச்சான் எனும் தென்மேற்குக் காற்றுக் காலத்தில் வடகடல் குளம் போலக் கிடக்கும், வாடை எனும் வடகிழக்குக் காற்று எழும்பினால் அதே இடம் குமுறும். கொடியும் புகைபோக்கிப் புகையும் எந்தப் பக்கம் சாய்கின்றன என்பது காற்றைக் காட்டும், காற்று மாதத்தைக் காட்டும். உச்சி வெயிலின் நிழலும் அப்படியே. நம் கரையில் சித்திரை பிறந்ததிலிருந்து ஆவணி முற்பாதி வரை நண்பகல் சூரியன் வடக்கே நிற்கும், நிழல் தெற்கே விழும். மற்ற மாதங்களில் நிழல் வடக்கே. இதெல்லாம் பார்க்கும் முன் படம் இடம் வலம் மாறியிருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். கண்ணாடி நெகடிவைக் கவிழ்த்து வைத்துப் போட்ட பிரதிகள் தாராளம். எழுத்து இல்லையென்றால் சட்டைப் பொத்தான், சேலை முந்தானை விழும் தோள் இரண்டையும் பாருங்கள்.

தனுஷ்கோடி தேவாலயமும் மற்ற இடிபாடுகளும் பவளக்கல்லால் கட்டியவை. உப்புக் காற்றில் அவை பத்தாண்டுக்குப் பத்தாண்டு உதிர்கின்றன. சுவர் குறையுமே தவிர உயராது. ஆகவே ஒரே கோணத்தில் எடுத்த ஐந்தாறு தேதியிட்ட படங்களை வரிசைப்படுத்தி வைத்தால், தேதி தெரியாத படத்தை இடையில் பொருத்தலாம். எந்தச் சன்னலின் மேல் வளைவு எந்த ஆண்டுப் படத்தில் காணாமல் போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பூச்சு, ஆதாரத் தூண் போன்ற பழுதுபார்ப்பு நடந்திருந்தால் அதைத் தனியாகக் கணக்கில் எடுக்க வேண்டும்.

தனுஷ்கோடிக்குப் போன 653ஆம் எண் பாசஞ்சர் பற்றி ஒன்று. அந்த ரயில் புயலில் சிக்கியது 1964 டிசம்பர் 22 இரவு, நள்ளிரவுக்குச் சற்று முன். கும்மிருட்டு, மழை, சிக்னல் செத்துப்போன நேரம். அலை ரயில் மேல் மோதும் தருணத்தைக் காட்டும் எந்தப் படமும் அந்த ரயிலின் புகைப்படமாக இருக்க முடியாது. ஓவியம், சினிமாக் காட்சி, வேறு நாட்டு வெள்ளம், அண்மைக் காலமாகக் கணினி வரைந்தது, இவற்றில் ஏதோ ஒன்று. புயலுக்கு அடுத்த நாட்களில் எடுத்த சேதப் படங்கள் உண்மையிலேயே உண்டு, அவற்றைப் போடுங்கள். உயிரிழந்தவர்களின் குடும்பங்கள் இன்னும் இங்கே இருக்கின்றன. அவர்கள் கண் முன் கற்பனை அலையைத் தொங்கவிடுவது எங்களுக்கு ஏற்பில்லை.

பழைய தலைப்பு எழுதியிருக்கிறது என்பதாலேயே நம்ப வேண்டியதில்லை. ‘ராம்நாட் டிஸ்ட்ரிக்ட்’ என்று இருந்தால் அது நம் கடற்கரை என்று பொருளல்ல. 1910இல் உருவானபோது இருந்த மாவட்டத்தில் காரைக்குடி, சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர் எல்லாம் அடக்கம். 1985இல்தான் மூன்றாகப் பிரிந்தது. ‘மண்டபம் கேம்ப்’ என்று இருந்தால் எந்த முகாம் என்று கேளுங்கள்: தோட்டத் தொழிலாளரை இலங்கைக்கு அனுப்பும் முன் தங்கவைத்துச் சோதித்த முகாமா, 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் தாயகம் திரும்பியோர் வந்திறங்கிய முகாமா, 1983க்குப் பின் அகதிகள் முகாமா? மூன்றும் அதே மண்ணில். ‘மன்னார் வளைகுடா முத்துக் குளிப்பு’ என்று வரும் படங்களில் கணிசமானவை கொழும்பு ஸ்டூடியோக்கள் இலங்கைக் கரையில் எடுத்தவை. பிளாட்டே, ஸ்கீன், ஸ்கோவன் என்ற பெயர்கள் அட்டையில் இருந்தால் முதலில் அக்கரையைத்தான் நினைக்க வேண்டும். படத்தில் நிற்பவர் கீழக்கரையிலிருந்து போன குளியாளாக இருக்கலாம், ஆனால் மணல் இலங்கைக் கரையின் மரிச்சுக்கட்டியுடையது. அப்படியானால் “கீழக்கரை முத்துக் குளிப்பு” என்பது பாதி உண்மை, பாதி பிழை.

பெரியவர்களிடம் கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. “தாத்தா, இது தனுஷ்கோடி ஸ்டேஷன்தானே?” என்று கேட்டால் “ஆமாப்பா” என்றுதான் பதில் வரும். இடத்தின் பெயரைச் சொல்லாமல் படத்தைக் கையில் கொடுத்துவிட்டு, அவர்களாகப் பேசும் வரை பொறுங்கள். பிறகு, சட்டகத்துக்கு வெளியே என்ன இருந்தது என்று கேளுங்கள்: இந்தப் பக்கம் திரும்பினால் என்ன வரும், தண்ணீர் எங்கே எடுப்பார்கள், கடை யாருடையது? இடம் தெரிந்தவருக்கு இது தடுமாறாது. இரண்டு பேரைச் சேர்த்து உட்காரவைத்துக் கேட்காதீர்கள். தனித்தனியாகக் கேட்டு, தனித்தனியாகப் பதிவு செய்து, பிறகு ஒப்பிடுங்கள். படம் அந்த வீட்டுக்கு எப்படி வந்தது என்பதையும் கேட்க வேண்டும்: கல்யாணச் சீராக வந்த பெட்டியிலா, கொழும்புக் கடையை மூடி வந்த மாமா கொண்டுவந்ததா, காரைக்குடி பழம்பொருள் கடையில் வாங்கியதா? கடையென்றால் ரசீது, கடைக்காரர் எந்த ஊர் வீட்டிலிருந்து எடுத்தார் என்ற தகவல், இரண்டும் வேண்டும். ஸ்டூடியோக்காரர் குடும்பத்தைத் தேடிப் போனால் நெகடிவ் கிடைக்கும் என்று அதிகம் நம்பாதீர்கள். ஃபிலிமை வெள்ளி உருக்குவோருக்கு எடைக்குப் போட்டார்கள். கண்ணாடி நெகடிவ்களைக் கழுவி ஃபிரேம் கண்ணாடியாகவே போட்டவர்களும் உண்டு. ஆனால் பதிவேடு தப்பியிருக்கும். தேதி, பெயர், பிரதி எண்ணிக்கை எழுதிய நீள நோட்டு.

இணையத்தில் தேடும்போது படத்தை முழுதாக மட்டும் போட்டுத் தேடாதீர்கள். வண்ணம் ஏற்றியிருந்தால் கறுப்பு வெள்ளையாக்கி, ஓர எழுத்துகளை வெட்டி, இடம் வலம் மாற்றி, பிறகு கப்பல் மட்டும், கூரை மட்டும் என்று துண்டு துண்டாகத் தேடுங்கள். கூகுள் லென்ஸ், யாண்டெக்ஸ், டின்ஐ மூன்றும் மூன்று விதமான பலன் தரும். கிடைத்தவற்றில் மிகப் பழைய பதிவையும், மிகக் குறைவாக வெட்டப்பட்ட வடிவத்தையும் எடுங்கள். ஓரம் அதிகம் உள்ள பிரதிதான் மூலத்துக்கு அருகில் இருக்கும்.

பிறகு ஆவணக் காப்பகங்கள். ரயில், துறைமுகம் என்றால் திருச்சியிலும் பெரம்பூரிலும் உள்ள ரயில்வே அருங்காட்சியகங்கள். தென்னிந்திய ரயில்வே 1951 ஏப்ரல் 14இல் தெற்கு ரயில்வேயில் இணைந்தது, அதற்கு முந்தைய படத்துக்குப் பழைய கம்பெனிப் பெயரில்தான் தேட வேண்டும். கடல் உயிரினம், சங்கு, முத்து என்றால் மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம். எட்கர் தர்ஸ்டன், ஜேம்ஸ் ஹார்னல் எழுதிய மீன்வள வெளியீடுகளின் படத்தட்டுகள். ஸ்டூடியோ உருவப்படம் என்றால் தமிழ் ஸ்டூடியோப் படங்களைப் பதிவு செய்துவைத்திருக்கும் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம். ஓரியூர் உள்ளிட்ட பழைய கத்தோலிக்கப் பங்குகளுக்குக் கொடைக்கானல் செண்பகனூர் இயேசு சபை ஆவணக்காப்பகம். அரசுக் கோப்புகளுக்கு எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம், பழைய மலர்களுக்கும் இதழ்களுக்கும் தரமணி ரோஜா முத்தையா நூலகம், அக்கரைக்கு நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகம். கடிதம் எழுதும்போது “தனுஷ்கோடி படம் இருக்கிறதா” என்று கேட்டால் பதில் வராது. படத்தின் சிறு பிரதி, முதுகின் பிரதி, அளவு, நீங்கள் எட்டியிருக்கும் ஆண்டு வரம்பு, இவ்வளவையும் ஒரே பக்கத்தில் வைத்து அனுப்புங்கள்.

ஸ்கேன் பற்றிச் சுருக்கமாக. அஞ்சலட்டை அளவுவரை 600 டி.பி.ஐ, 35 மில்லிமீட்டர் நெகடிவுக்கு 2400க்குக் குறையாமல். கறுப்பு வெள்ளைப் படமானாலும் வண்ணத்தில் எடுங்கள், மஞ்சளும் கறையும் சாட்சிதான். டிஃப் கோப்பாகச் சேமித்து, முன்பக்கத்துக்கும் முதுகுக்கும் ஒரே எண் கொடுங்கள். ஓரத்தில் ஒரு ஸ்கேல் தெரியட்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அளவு சுருங்கும், கோப்போடு இருந்த தேதி விவரமும் உதிரும். டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். முகத்தைத் தெளிவாக்கும் செயலிகளை மூலக் கோப்பின் மேல் ஓட்டவே கூடாது. அவை இல்லாத கண்ணிமையையும் இல்லாத எழுத்தையும் வரைந்து சேர்க்கும். பலகை எழுத்தை அப்படித் ‘தெளிவாக்கி’ வாசித்தால் நாம் மேலே சொன்ன எல்லாச் சோதனையும் வீண்.

கடைசியாக, படத்தின் அடியில் எழுதும் வரி. தெரிந்ததையும் ஊகத்தையும் பிரித்து எழுதுங்கள். “ரயிலும் கப்பலும் நிற்கும் துறை. மீட்டர் கேஜ் தண்டவாளத்தை வைத்து தனுஷ்கோடி எனக் கொள்கிறோம். கப்பலின் பெயர் இர்வின், ஆகவே 1926க்கும் 1964க்கும் இடையில். பாம்பன் குடும்பம் ஒன்றின் சேகரிப்பு. பின்பக்கம் முத்திரை இல்லை.” இவ்வளவுதான், மூன்று நான்கு வரி. எடுத்தவர் பெயர் தெரிந்தால் அவர் பெயர் முதலில் வர வேண்டும். அரசுத் துறை வெளியிட்ட படத்துக்குப் பதிப்புரிமை வெளியான ஆண்டு முடிந்து 60 ஆண்டு. தனியார் எடுத்ததற்குக் கணக்கு வேறு, உரியவரைக் கேட்காமல் போடாதீர்கள். படம் கொடுத்த குடும்பத்தின் பெயரைப் போடலாமா என்பதையும் எழுத்தில் வாங்கிவையுங்கள். மூலப் படத்தை லேமினேஷன் செய்யாமல், செலோ டேப் ஒட்டாமல், பி.வி.சி. உறையில் போடாமல், சாதாரணப் பருத்தித் தாள் உறையில் வைத்து வீட்டாரிடமே திருப்பிக் கொடுங்கள். உறையின் மேல் பென்சிலால் எண்ணை எழுதுங்கள், படத்தின் மேல் அல்ல.

இந்த டிசம்பருக்குள் எல்லாப் படத்துக்கும் இதைச் செய்து முடிக்க முடியாது. பதாகைக்குப் போகும் ஐந்தாறு படங்களுக்கு மட்டுமாவது முதுகையும் வந்த வழியையும் பதிவு செய்துவிடுங்கள். மற்றவற்றைப் போட்டே ஆக வேண்டுமென்றால் “இடமும் ஆண்டும் உறுதியாகவில்லை, தெரிந்தவர்கள் சொல்லவும்” என்று அடியில் சேர்த்து, குழுவினர் ஒருவரின் கைப்பேசி எண்ணையும் போடுங்கள். கோயிலுக்கும் கடலுக்கும் போகிற வழியில் அந்தப் பதாகையைப் பார்ப்பவர்களில் யாரிடமாவது அதே படத்தின் இன்னொரு பிரதி, முத்திரையோடு, இருக்க வாய்ப்புண்டு.

இப்படிக்கு,
கடற்கரை ஊர்களின் பழைய படங்களை வகைப்படுத்திப் பேணுவோர் சிலர்